கண்ணாடி இல்லாமலே கண்ணாடி ஓவியம்: குழந்தைகளுக்கு 'டிஃபனி' பாணியைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சர்ச் ஜன்னல்களில் வெயில் பட்டதும் சிவப்பு, நீலம், மஞ்சள் என ஜொலிக்கும் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்பது இதுதான். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க கண்ணாடியே தேவையில்லை. கறுப்பு சார்ட் பேப்பர், கலர் கண்ணாடித் தாள், பசை இருந்தால் போதும். பல மொழி பேசும் குழந்தைகள் படிக்கும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிக்கு இது ரொம்பவே பொருந்தும். ஏன், எப்படி? பார்க்கலாம்.

யார் இந்த டிஃபனி?

லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1848-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இவருடைய அப்பா, புகழ்பெற்ற டிஃபனி நகைக்கடையைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகனுக்கோ வண்ணக் கண்ணாடி மேல்தான் ஆசை.

முகம், உடை மடிப்பு போன்ற நுணுக்கங்களைக் கண்ணாடியின் மேல் பெயின்ட்டால் வரைவது ஐரோப்பாவின் பழைய வழக்கம். டிஃபனி அதை முடிந்தவரை குறைத்தார். உருக்கும்போதே பல நிறங்கள் கலந்த கண்ணாடியைத் தயாரித்து, அந்தக் கலவையையே இலையாகவும் வானமாகவும் காட்டினார். தட்டான், தாமரை, தொங்கும் பூங்கொத்து என இயற்கைதான் அவருக்குப் பாடம்.

ஒரு முக்கியமான விஷயம். இவர் நிறுவனத்தின் பிரபலமான 'விஸ்டீரியா' விளக்கில் மட்டும் சுமார் 2,000 கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. அதை வடிவமைத்தவர் டிஃபனி அல்ல, அங்கே கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்த கிளாரா டிரிஸ்கால். அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்த பிறகுதான், 2007-ல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சி மூலம் அவர் பெயர் பரவலாக வெளியே தெரிந்தது.

படத்தைக் காப்பி அடிக்கணுமா?

வேண்டாம். டிஃபனி விளக்கைப் பிரின்ட் எடுத்துக் கலர் அடிக்கச் சொன்னால், குழந்தை கற்பது கோட்டுக்குள் கலர் அடிப்பதை மட்டும்தான். விஸ்டீரியா பூவை நம்ம ஊர்க் குழந்தை பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. டிஃபனியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் பார்த்த விதத்தை: சுற்றி இருப்பதைப் பார், துண்டுகளாகப் பிரி, வெளிச்சத்தை உள்ளே விடு.

பழவேற்காட்டுப் பூநாரை, மீன்பிடிப் படகு, பூண்டி ஏரி, வயல்வெளித் தட்டான், சிப்காட் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் சூரியன்... எல்லாமே இதற்குப் பொருத்தமான படங்கள்தான்.

கோலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

உண்மையான கண்ணாடி ஓவியத்தில் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது ஈயப் பட்டை. நாம் பார்க்கும் கறுப்புக் கோடு அதுதான். எந்தக் கோடும் பாதியில் நிற்கக் கூடாது, ஒவ்வொரு கட்டமும் மூடியிருக்க வேண்டும். கலர் கோலத்தில் கோடு போட்டு, உள்ளே பொடி தூவுகிறோமே, அதே கணக்கு.

செய்வது எப்படி?

1. கறுப்பு சார்ட்டில் சாக்பீஸால் படத்தைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

2. ஒவ்வொரு கோட்டையும் சுண்டுவிரல் தடிமனுக்கு அகலமாக்குங்கள்.

3. கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதியை வெட்டி எடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள்தான் வெட்டித்தர வேண்டும்.

4. பூநாரையின் கண் போல நடுவில் தனியாக நிற்கும் துண்டு விழுந்துவிடும். அதை எந்தக் கோட்டோடு சேர்ப்பது? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், குழந்தையே யோசிக்கட்டும்.

5. பின்பக்கம் கலர் கண்ணாடித் தாளை ஒட்டுங்கள். நீலத்தின் மேல் மஞ்சளை வைத்தால் பச்சை வரும். இது அறிவியல் பாடமும்கூட.

6. ஜன்னலில் மாட்டுங்கள்.

கண்ணாடித் தாள் கிடைக்கவில்லையா? வெள்ளைத் தாளில் கறுப்பு கிரேயானால் கோடு போட்டு, மற்ற கிரேயான்களால் நிரப்புங்கள். பின்பக்கம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் லேசாகத் தடவுங்கள். பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஒளி ஊடுருவும். அவ்ளோதான்!

எதில் கவனம் தேவை?

நிஜக் கண்ணாடியும் ஈயமும் குழந்தைகள் கைக்கு வரவே கூடாது. உடலில் இந்த அளவு ஈயம் இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய அளவே எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017-ல்தான் அமலுக்கு வந்தது. அதனால் வீட்டில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைக் கைவினை வேலைக்குத் திறக்க வேண்டாம்.

இந்த ஊருக்கு ஏன் முக்கியம்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வட மாநிலங்களிலிருந்தும், திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வேலைக்கு வருகின்றன. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கும் சகஜம். தமிழ் தெரியாத குழந்தை தமிழ் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் பின்தங்கிப் போகலாம். ஆனால் சார்ட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்ட எந்த மொழியும் தேவையில்லை. "இது என்ன நிறம்?" என்ற கேள்வியிலிருந்து, பக்கத்துப் பிள்ளையிடம் தமிழும் கற்றுக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், டிராயிங் பீரியடைத்தான் மற்ற பாடங்கள் முதலில் பிடித்துக்கொள்கின்றன. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்காக 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடியது தெரிந்த கதை. ஒரு பள்ளியில் ஓவிய வகுப்பு நடக்குமா என்பதை இதுவும் தீர்மானிக்கிறது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை போனால், சாந்தோம் பேராலயத்தில் பார்க்கலாம். 1879-ல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸிலும் வண்ணக் கண்ணாடிகள் உண்டு. கொல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் இருப்பது, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வடிவமைத்த ஜன்னல்.

போனால் ஒன்று செய்யுங்கள். பகலில் அந்த ஜன்னலை முதலில் வெளியே நின்று காட்டுங்கள், இருட்டாகத்தான் தெரியும். அப்புறம் உள்ளே கூட்டிப்போய் அதே ஜன்னலைக் காட்டுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லிவிடும்.