பச்சைக் கதிர்க்குருவியும் அதன் வளையமும்

பச்சைக் கதிர்க்குருவி என்பது ஆசியாவின் மலைக்காடுகளிலும் வடபுலக் காடுகளிலும் கோடையில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்திற்கும் தென்கிழக்கு ஆசியாவிற்கும் வலசை வரும் சிறு பறவை ஆகும். இதன் அறிவியல் பெயர் ஃபைலோஸ்கோப்பஸ் ட்ரோக்கிலாய்டிஸ். நீளம் சுமார் 10 செ.மீ.; எடை 7 அல்லது 8 கிராம். நம் வீட்டுத் தோட்டத்துத் தையல்சிட்டின் எடையும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

உருவத்தில் சிறியதாயினும் உயிரியல் வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதை வரைபடத்தின் மீது விரல் வைத்துக் காட்டலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பறவை இது. அந்த எடுத்துக்காட்டு எவ்வாறு உருவானது, பின்னர் எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

தோற்றமும் உறவு வடிவங்களும்

மேற்புறம் மங்கிய பச்சை, அடிப்புறம் வெண்மை, கண்ணுக்கு மேல் வெளிர்நிறப் புருவக் கோடு, இறக்கையில் மெல்லிய வெண்பட்டை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆணும் பெண்ணும் ஒரே நிறமுடையவை. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி இதன் ஐந்து வடிவங்கள் வாழ்கின்றன.

• விரிடானஸ்: தியான் ஷான் மலைகள் முதல் மேற்குச் சைபீரியா வழியாகப் பால்டிக் கடற்பகுதி வரை. இறக்கையில் ஒரு பட்டை.
• லட்லோவி: மேற்கு இமயமலை.
• ட்ரோக்கிலாய்டிஸ்: கிழக்கு இமயமலையும் அதை அடுத்த தென்மேற்குச் சீனப் பகுதியும்.
• அப்ஸ்குராட்டஸ்: பீடபூமியின் கிழக்கு ஓரத்து மலைகள்.
• பிளம்பெய்டார்சஸ்: கிழக்குச் சைபீரியா, வடகிழக்குச் சீனா. இறக்கையில் இரண்டு பட்டைகள்.

காகசஸ் மலைப் பகுதியில் வாழும் நிட்டிடஸ் என்னும் வடிவமும் இவற்றின் நெருங்கிய உறவே. ஆனால் அது இந்த வளையத்தில் சேராமல் மேற்கே தனித்து இருக்கிறது.

கல்கத்தாவில் தொடங்கிய பெயர்கள்

இப்பறவைக்கு முதலில் அறிவியல் பெயர் இட்டவர் சுவீடன் நாட்டு விலங்கியலாளர் கார்ல் யாக்கோப் சுண்டவால். கல்கத்தாவில் கிடைத்த பறவையைக் கொண்டு 1837இல் அவர் இதை விவரித்தார். அப்போது இதை அகாந்திசா என்னும் ஆஸ்திரேலியப் பறவைப் பேரினத்தில் சேர்த்திருந்தார். இது எந்தக் குடும்பத்துப் பறவை என்பதிலேயே அன்று தெளிவு இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதே நகரின் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித், 1843இல் விரிடானஸ், நிட்டிடஸ் ஆகிய இரு பெயர்களையும் வெளியிட்டார். கல்கத்தாவில் பிறந்து, சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாகப் பணியாற்றிய ராபர்ட் சுவின்ஹோ 1861இல் பிளம்பெய்டார்சஸை விவரித்தார். அப்ஸ்குராட்டஸுக்கு 1929இல் எர்வின் ஸ்ட்ரேஸ்மானும், லட்லோவிக்கு 1931இல் ஹியூ விஸ்லரும் பெயரிட்டனர்.

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்கத்தா இப்பறவை கூடு கட்டும் இடமன்று. குளிர்காலத்தைக் கழிக்கும் இடம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை பாடும் முழுப் பாட்டு அங்கே பொதுவாகக் கேட்பதில்லை. ஆகவே தொடக்க கால அறிஞர்கள் இறகின் நிறத்தையும் இறக்கையின் அளவையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. கதிர்க்குருவிகளுக்கு இது போதாது என்பது இங்கிலாந்தில் முன்பே தெரிந்த செய்தி. அங்கு கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், ஒன்று போலவே தோன்றும் மூன்று கதிர்க்குருவிகளைக் குரல் வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறிந்து 1768ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

வளையம் என்னும் கருத்து

சிதறிக் கிடந்த இப்பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட். கதிர்க்குருவிப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூலை 1938இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெளியிட்டது. அருங்காட்சியகங்களில் இருந்த பதப்படுத்திய பறவைகளை அவர் இடவாரியாக ஒப்பிட்டார். இமயமலையில் தொடங்கிப் பீடபூமியின் மேற்கு ஓரமாகவும் கிழக்கு ஓரமாகவும் வடக்கே செல்லச் செல்ல, ஒரு வடிவம் அடுத்த வடிவமாகப் படிப்படியாக மாறுவதைக் கண்டார். ஆனால் நடுச் சைபீரியாவில் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் விரிடானஸும் பிளம்பெய்டார்சஸும் கலவாமல் தனித்தனியே வாழ்ந்தன.

இதற்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது. தெற்கில் இருந்த ஒரே கூட்டம், மரமற்ற பீடபூமியைக் கடக்க இயலாமல், அதன் இருபுறமும் உள்ள காடுகள் வழியாக வடக்கே பரவியது. பல்லாயிரம் தலைமுறைகளுக்குப் பின் இரு கிளைகளும் மீண்டும் சந்தித்தபோது, ஒன்றையொன்று அறியாத அயலாராக மாறிவிட்டன. எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இதை எடுத்தாண்டார். அதன் பின் 'வளையச் சிற்றினம்' என்றாலே நினைவுக்கு வரும் பறவைகளில் ஒன்றாகப் பச்சைக் கதிர்க்குருவி ஆயிற்று.

பாட்டு சொன்ன சாட்சி

டைஸ்ஹர்ஸ்டின் கருத்து இறகுகளைக் கொண்டு எழுந்தது. அதைக் களத்தில் சோதித்தவர் டேரன் இர்வின். அவர் வளையத்தின் பல இடங்களில் ஆண் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்தார். இமயமலையில் பாட்டு குறுகியது, எளியது. இருபுறமும் வடக்கே செல்லச் செல்ல அது நீண்டு சிக்கலாகிறது. ஆனால் மேற்கில் சிக்கலான விதம் வேறு, கிழக்கில் வேறு. நீண்ட பாட்டைப் பெண் பறவைகள் விரும்பித் தேர்ந்தது இதற்குக் காரணமாகலாம் என்பது அவர் விளக்கம்.

பதிவு செய்த பாட்டை ஒலிபரப்பியும் பார்த்தார்கள். ஓர் ஆண் பறவை தன் எல்லைக்குள் போட்டியாளன் குரல் கேட்டால் விரட்ட வரும். சைபீரியாவிலோ, ஒரு முனையின் பாட்டை மறுமுனைப் பறவை பொருட்படுத்தவில்லை. இர்வின், ஸ்டாஃபன் பென்ஷ், டிரெவர் பிரைஸ் ஆகியோரின் இவ்வாய்வு 2001இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பின்னர் 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வும் வளையத்தைச் சுற்றிய படிப்படியான மாற்றத்தைக் காட்டியது.

மரபணு தந்த திருத்தம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாடம் நடத்த எளிதாக இருந்திருக்கும். ஆனால் 2014இல் மீண்டும் 'நேச்சர்' இதழில் இர்வின் குழுவினரே இன்னும் விரிவான மரபணு ஆய்வை வெளியிட்டனர். வளையம் எக்காலத்தும் அறுபடாத சங்கிலியாக இருந்ததில்லை என்றும், கடந்த காலத்தில் சில இடங்களில் கூட்டங்கள் பிரிந்திருந்தன என்றும் அது காட்டியது. மேலும், வடக்கில் சந்திக்கும் இரு வடிவங்களுக்கு இடையே சிறிதளவு மரபணுப் பரிமாற்றமும் நிகழ்ந்திருந்தது. எனவே இது பாடநூல் வரையறைக்கு முழுமையாகப் பொருந்தும் வளையம் அன்று.

இதனால் டைஸ்ஹர்ஸ்டின் உழைப்பு வீணாகிவிடவில்லை. சிற்றினங்களுக்கு இடையே உள்ள எல்லை ஒரே நாளில் எழுந்த மதில் அன்று, காலப்போக்கில் மெல்ல உருவாவது என்னும் அடிப்படை உண்மை அப்படியே நிற்கிறது. இன்று பல உலகப் பறவைப் பட்டியல்கள் பிளம்பெய்டார்சஸையும் நிட்டிடஸையும் தனிச் சிற்றினங்களாகவே காட்டுகின்றன. ஆசிரியர்கள் இப்பறவையை வகுப்பில் விளக்கும்போது 1942இன் கருத்தோடு 2014இன் திருத்தத்தையும் சேர்த்துச் சொல்வதே முறை. திருத்தத்தை மறைத்துச் சொன்னால் மாணவர்களுக்கு முடிவு மட்டுமே கிடைக்கும்; அறிவியல் நடக்கும் முறை கிடைக்காது.

தமிழ்நாட்டில்

தென்னிந்தியாவுக்கு வருபவை பெரும்பாலும் வளையத்தின் மேற்குப் பக்க வடிவங்கள். செப்டம்பர், அக்டோபரில் வந்து ஏப்ரல் வாக்கில் திரும்புகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் நிட்டிடஸையும் காணலாம். 1990களில் மதுசூதன் கட்டி, திருநெல்வேலி மாவட்டத்து முண்டந்துறைக் காட்டில் பச்சைக் கதிர்க்குருவியின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்தார். குளிர்காலத்திலும் இவை தனித்தனி எல்லை வகுத்து, ஈரசைக் குரல் எழுப்பி அதைக் காக்கின்றன. மர இலைகளில் பூச்சிகளைப் பொறுக்குவதே பகல் முழுதும் இவற்றின் வேலை.

வளையத்தில் ஓர் இடைவெளி ஏற்கெனவே உண்டு. வடசீனாவில் அப்ஸ்குராட்டஸுக்கும் பிளம்பெய்டார்சஸுக்கும் இடையில் இப்பறவை இல்லாத நிலப்பரப்பு உள்ளது. அங்கு காடுகள் அழிக்கப்பட்டதே காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. காடு அழியும்போது பறவையோடு சேர்ந்து, அது எவ்வாறு உருவானது என்பதற்கான சான்றும் அழிகிறது. இப்பறவையின் வரலாற்றைப் படிப்போர் மறக்கக் கூடாத செய்தி இது.