நிலைமம்

நிலைமம் (இலங்கைப் பாடநூல்களில் சடத்துவம்) என்பது பருப்பொருளின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. புறவிசை தாக்காதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் மாறா வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டிருக்கும். நியூட்டனின் முதல் விதி கூறுவது இதையே. பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இந்த விதி உருவாக ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. உராய்வு எங்கும் நிறைந்த உலகில் எவரும் நேரில் கண்டிராத ஓர் இயக்கத்தைப் பற்றிய விதி இது.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) கண்ணால் கண்டதை நம்பினார். மாடு நின்றால் வண்டியும் நிற்கும். எனவே இயங்குவதை ஏதோ ஒன்று இயக்கிக்கொண்டே இருக்கவேண்டும். எறிந்த கல் கையை விட்ட பின்னும் ஏன் பறக்கிறது என்ற கேள்விக்கு, சூழ்ந்துள்ள காற்று அதைத் தள்ளுகிறது என்றார். வெற்றிடத்தில் இயங்கும் பொருள் நிற்பதற்குக் காரணமே இராது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அது நடவாத செயல், ஆகவே வெற்றிடம் இருக்கமுடியாது என்று முடித்துவிட்டார்.

காற்று தள்ளுகிறது என்ற விளக்கத்தை 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஜான் பிலோபோனஸ் மறுத்தார்: எறிபவரின் கை கல்லுக்கே ஓர் உந்துதலை ஏற்றிவிடுகிறது, அது படிப்படியாகத் தீர்ந்துபோகிறது. இப்னு சீனா (980–1037) ஒரு படி மேலே போய், எதிர்ப்பு இல்லையேல் அது தீராது என்றார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த ஜான் புரிதான் சான்றுகளை அடுக்கினார். பம்பரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அதன் பின்னால் புகுந்து தள்ளக் காற்றுக்கு வழியேது? இரு முனையும் கூராக்கிய ஈட்டியும் வேகம் குறையாமல்தான் பாய்கிறது. பொருளின் அளவும் வேகமும் கூடக்கூட இந்த உந்துதலும் கூடும் என்று அவர் சொன்னதில் இன்றைய உந்தத்தின் சாயல் தெரிகிறது. ஆனாலும் அவருக்கு இயக்கம் என்பது உள்ளிருக்கும் ஒன்றின் விளைவு. காரணம் வேண்டாத நிலை அல்ல.

அந்தத் திருப்பம் கலிலியோவிடம் தொடங்குகிறது. சுமார் 12 முழ நீள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து வெண்கல உருண்டையை உருட்டினார். பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். சரிவில் இறங்கும் உருண்டை வேகம் கூடுகிறது, ஏறும் உருண்டை வேகம் குறைகிறது. அப்படியானால் சமதளத்தில் கூடவும் குறையவும் காரணமில்லை. வீட்டுக்காவலில் இருந்த அவருடைய நூல் 1638இல் லெய்டனில் வெளியாயிற்று. ஆனால் அவருடைய சமதளம் பூமியின் வளைவோடு ஒட்டியது. இயக்கம் நேர்கோட்டில் தொடரும் என்று 1644இல் தெளிவாக வகுத்தவர் தெக்கார்ட். பாடநூல்கள் இந்தப் பங்கை அவருக்கு அவ்வளவாகத் தருவதில்லை. இதற்கிடையே 1640இல் காசந்தி, மார்செய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லைப் போடச் செய்து, அது பாய்மரத்தின் அடியிலேயே விழுவதைக் காட்டினார்.

நியூட்டனின் பிரின்சிபியா 1687இல் வந்தது. மீன்களைப் பற்றிய பெருநூலை அச்சிட்டுப் பணமுடையில் இருந்தது ராயல் சொசைட்டி. அதனால் பிரின்சிபியாவின் அச்சுச் செலவை ஏற்றவர் எட்மண்ட் ஹாலி. முதல் விதிக்கு நியூட்டன் தந்த எடுத்துக்காட்டுகளிலும் ஒரு பம்பரம் சுழல்கிறது. நிலைமத்தையே பொருளுக்குள் உறையும் ஒருவகை விசை என்று அவர் குறிப்பிட்டதில் பழைய சிந்தனையின் எச்சம் இருக்கிறது. எனினும் கேள்வி மாறிவிட்டது: இயக்கத்துக்கு அல்ல, இயக்க மாற்றத்துக்கே விசை வேண்டும். அந்த மாற்றத்தை அளப்பது இரண்டாம் விதி. விசை, நிறை, முடுக்கம் மூன்றையும் இணைக்கும் இன்றைய வடிவுக்கு அதை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்தவர் ஆய்லர்.

இயக்க மாற்றத்தை எதிர்க்கும் நிறையும் ஈர்ப்புக்கு ஆட்படும் நிறையும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பதற்கு நியூட்டனிடம் விளக்கம் இல்லை. ஹங்கேரியின் எட்வெஷ் முறுக்குத் தராசால் அளந்து, இரண்டு கோடியில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை என்று 1890இல் அறிவித்தார். இந்தச் சமத்துவத்தையே அடித்தளமாகக் கொண்டு 1907இல் சிந்திக்கத் தொடங்கிய ஐன்ஸ்டைன், 1915இல் பொதுச் சார்பியலை நிறைவுசெய்தார். 2016இல் ஏவப்பட்ட பிரான்ஸின் மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2022இல் வெளியான அதன் இறுதி முடிவும், பத்துக் கோடி கோடியில் சில பங்கு என்ற துல்லியத்தில், வேறுபாடு எதையும் காணவில்லை.