‘அக்யூட்’ என்றால் கடுமையா?

கடந்த வருடம் சின்னம்மா தனது டயக்னோசிஸ் கார்ட்டை என்னிடம் தந்து வாசித்துச் சொல்லக் கேட்டார். ‘அக்யூட் புரொங்கைட்டிஸ்’ என்றிருந்தது. “கடுமையான சுவாசக்குழாய் அழற்சி” என்றேன். அன்றிரவு அவர் உறங்கவில்லை. மூன்று கிழமைகளில் இருமல் நின்றுவிட்டது.

அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘குரோனிக் பெயின்’. 2009இல் காலில் பாய்ந்த ஷெல் துண்டின் வலி. அதை “பழைய வலி” என்று சொல்லிக் கடந்துவிட்டேன். இரண்டு சொற்களையும் பிழையாகவே எடை போட்டிருக்கிறேன்.

வேர்

‘அக்யூட்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘அகுவேரே’ என்றால் தீட்டுதல், கூராக்குதல். ‘அகூட்டுஸ்’ என்றால் கூராக்கப்பட்டது. ஊசியைக் குறிக்கும் ‘அகுஸ்’ இதன் உறவு. ‘அக்குபங்சர்’ என்ற சொல்லின் முதற்பகுதி அந்த ஊசிதான். குளிர்காய்ச்சலைக் குறிக்கும் ‘ஏகியூ’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் இதே இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கியூட்’ என்பதுகூட ‘அக்யூட்’டின் தலை வெட்டப்பட்ட வடிவமே. முதலில் அது அழகை அல்ல, சாதுரியத்தைக் குறித்தது.

பொருள்கள்

கணிதத்தில் 90 பாகைக்குக் குறைந்த கோணம் ‘அக்யூட்’. நாம் கூர்ங்கோணம் என்று படித்தோம். அறிவுக்கும் புலனுக்கும் சொன்னால் நுட்பம். தமிழிலும் கூர்மை கத்தியிலிருந்து மதிக்குச் செல்கிறது. நமது ‘கூர்’ என்ற சொல்லுக்கு மிகுதல் என்ற பொருளும் உண்டு. ‘அன்புகூர்ந்து’ என்று கடிதத்தில் எழுதுவது அதனால்தான். ஆங்கிலத்திலும் பொதுவழக்கில் ‘அக்யூட்’ தட்டுப்பாடு என்றால் கடும் தட்டுப்பாடுதான்.

மருத்துவத்தில் மட்டும் அது முதன்மையாகக் காலத்தைச் சொல்கிறது: திடீரெனத் தொடங்கியது, பெரும்பாலும் குறுகிய காலம் நிற்பது. இதன் எதிர்ச்சொல் ‘குரோனிக்’. காலம் என்று பொருள்படும் ‘குரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாட்பட்டது என்பது பொருள். கடுமைக்குரிய சொல் ‘சிவியர்’. ‘சார்ஸ்’ நோயின் முழுப்பெயரில் ‘சிவியர்’, ‘அக்யூட்’ இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு சொற்கள் எதற்கு?

இதனால் ‘அக்யூட்’ என்றால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக்கூடாது. மாரடைப்பும் ‘அக்யூட்’தான்.

நமக்கு ஏன் முக்கியம்?

மந்தபோசணை அறிக்கைகளில் ‘அக்யூட்’ என்பது உயரத்துக்கேற்ற நிறை இல்லாத பிள்ளை. ‘குரோனிக்’ என்பது வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளை. முதலாவது அண்மைக்காலப் பசியையும், இரண்டாவது நீண்டகாலப் பசியையும் காட்டும்.

உளநலத்திலும் அப்படியே. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைநூல், ‘அக்யூட்’ மனவடுக் கோளாறுக்கு 3 நாள் முதல் ஒரு மாதம் வரை என்று எல்லை வைக்கிறது. அதைத் தாண்டியும் நீடிக்கும் வேதனைக்கு வேறு பெயரும் வேறு சிகிச்சையும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி ‘குரோனிக்’ எனப்படுகிறது. அது தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. பழையது என்பதால் சிறியதாகிவிடாது.

அறிக்கையில் இந்தச் சொற்களைக் கண்டால் வைத்தியரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இது எவ்வளவு காலத்துக்குரியது? எவ்வளவு கடுமையானது?

சின்னம்மாவுக்கு இப்போது திருத்திச் சொல்லிவிட்டேன். அடுத்த கிளினிக்கில் அவர் இருமலைப் பற்றிக் கேட்கவில்லை. கால் வலியைப் பற்றித்தான் கேட்டார்.