எரியோட்டுக் கிடாயின் வழி

திண்டுக்கல் மாவட்டத்து எரியோட்டைச் சுற்றி மேட்டுக்காடுதான் அதிகம். மானாவாரிச் சோளம், கொஞ்சம் கடலை, வரப்போரம் முருங்கை, தூரத்தில் நூற்பாலைச் சங்கு. திண்டுக்கல் பிரியாணி என்று ஊர் ஊராகப் பேர் எடுத்த சாப்பாட்டுக்கு இந்தக் காடு அரிசி தரவில்லை. ஆடு தருகிறது. அந்த ஆட்டின் பாதை எழுதப்படவேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

தாய் வயிற்றில் சுமார் 150 நாள் இருந்து, குட்டி தரையில் விழுகிறது. பெட்டையானால் வீட்டில் தங்கும். கிடாயானால் அன்றைக்கே அதற்கு ஒரு கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது: பள்ளிக்கூடக் கட்டணம், அடகு மீட்பு, ஒரு கல்யாண மொய். கோடையில் புல் கருகினாலும் வெள்வேல மரம் நெற்று உதிர்க்கும். ஆடு அதைப் பொறுக்கித் தின்று சதை பிடிக்கும். மேய்ந்து திரிந்த ஆட்டின் கறிக்கும் கட்டிப்போட்டு வளர்த்த ஆட்டின் கறிக்கும் வித்தியாசம் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன்.

வியாழக்கிழமை விடியலுக்கு முன்பே அய்யலூர் ஆட்டுச் சந்தை கூடிவிடும். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குட்டி, மினி வேனில் பத்துப் பன்னிரண்டு. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் நிற்க இடமிருக்காது. இங்கே கண்ணும் கையும்தான் தராசு. வியாபாரி முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார், இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்.

"பத்துக் கிலோதாண்ணே நிக்கும்."

"நல்லாப் பிடிச்சுப் பாருங்க தம்பி, பன்னெண்டுக்குக் கொறையாது."

உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி தேறும். அந்த இரண்டு கிலோ வித்தியாசத்தில்தான் வளர்த்தவளின் ஒரு மாத உழைப்பு இருக்கிறது. பணம் கைமாறியதும் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார்கள். ஆட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை.

அதன் பிறகு ஒரு ஆடு பல வழியாகப் பிரிகிறது. தலையும் காலும் ஒரு கை, குடல் ஒரு கை, ரத்தம் பொரியலுக்கு. கறி பிரியாணிக் கடைக்கு.

திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால், கடைக்குத் தலப்பாக்கட்டி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கத்துப் பிரியாணியின் அடையாளம் சீரகச் சம்பா அரிசி. சீரகம்போலச் சின்ன மணி, கறிச்சாற்றைக் குடித்தாலும் குழையாது. கறியைச் சின்னத் துண்டாகப் போட்டு, மிளகின் காரமும் தயிர், எலுமிச்சையின் புளிப்புமாகத் தம் போடுவார்கள். கொடைக்கானல் போகிற கார்கள் திண்டுக்கல்லில் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

ஸ்பெயினில் வலென்சியாவின் பாயேயாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அல்புஃபேரா ஏரிக் கரையில் வயல் வேலைக்காரர்கள் முயலும் கோழியும் அவரையும் போட்டு, அகன்ற தட்டைச் சட்டியில் பொங்கிய சோறு அது. பாயேயா என்பதே சட்டியின் பேர். அங்கேயும் சாற்றை உறிஞ்சிக்கொண்டு உதிரியாய் நிற்கும் பொம்பா என்ற குட்டை அரிசி உண்டு. இன்று அது சுற்றுலாத் தெருக்களின் பண்டம். ஆனால் வலென்சியாக்காரர்கள் எது எந்த மண்ணில் விளைந்தது என்று விடாமல் பேசுகிறார்கள். நம் இலையில் அரிசிக்குப் பேர் உண்டு, கடைக்குப் பேர் உண்டு, ஊருக்கும் பேர் உண்டு. ஆட்டுக்கு மட்டும் 'மட்டன்' என்ற ஒரே சொல். எனக்கு இது குறையாகவே படுகிறது.

மிச்சமிருப்பது தோல். உப்புத் தடவி மடித்த தோல் திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் மண்டிக்கு வந்து, அங்கிருந்து பதனிடும் ஆலைக்குப் போகும். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் நீங்கி, பட்டைச் சாற்றில் பதமாகும். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பிறகு வாட்டில் மரப்பட்டை. பட்டையில் பதனிட்ட இந்தத் தோலுக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று பேர், புவிசார் குறியீடும் உண்டு. கறியைவிடத் தோலே நெடுந்தூரம் பயணம் போகிறது. கடல் தாண்டிப் போய்ச் செருப்பாகவும் பையாகவும் ஆகிறது.

ஆனால் தோலைக் கழுவிய தண்ணீர் கடல் தாண்டுவதில்லை. திண்டுக்கல்லை அடுத்த பொன்மாந்துறைப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறியது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல்லையும் சேர்த்து ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவிட்டது. பாழான நீருக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு?

திண்டுக்கல் சமவெளியின் நீர் குடகனாற்றில் சேர்ந்து வடக்கே ஓடுகிறது. வேடசந்தூரைத் தொட்டு அமராவதிக்குப் போகிறது. ஆடு தெற்கே திண்டுக்கல்லுக்குப் போன தூரத்தை ஆறு வடக்கே திரும்பி வருகிறது. கரைக்காட்டில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் அதில் வாய் வைத்துக் குடிக்கின்றன.