களனியின் நீரும் குப்பி விளக்கும்

களனி கங்கைக் கரையிலே வாழும் நாம், அதன் நீர் கரவனெல்லவை அடையுமுன் மலையிலே மின்சாரத்தைப் பிறப்பித்துவிட்டு வருகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையில் ஒளி வளர்ந்த வரலாற்றில் இந்த ஆற்றுக்கு ஓர் இடம் உண்டு. அதன் இருமருங்கிலும் உள்ள தோட்ட லயங்களுக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதிகாலந்தொட்டு மனிதன் உண்டாக்கிய ஒளி நெருப்பின் ஒளியே. பந்தமும் அகலும் மெழுகுதிரியும் இவ்வகையில் ஒன்றே. திரி எண்ணெயை உறிஞ்சி மேலேற்றுகிறது. எண்ணெய் ஆவியாகி எரிகிறது. காற்றுப் போதாவிடின் எரியாத கரி புகையாகிறது. ஜெனீவா நகரத்து ஆர்கண்ட் என்பார் 1780-ஆம் ஆண்டளவில் குழாய் வடிவத் திரியை அமைத்து, அதன்மேல் கண்ணாடிக் கூண்டை வைத்தார். சுடரின் உள்ளும் புறமும் காற்றுப் பாய்ந்தது, வெளிச்சம் மிகுந்தது, புகை குறைந்தது. 1850-களின் பின் மண்ணெண்ணெய் பரவவே, விளக்கொளி ஏழைக்கும் எட்டியது. ஆயினும் லயத்துக்கு வந்த குப்பி விளக்கிலே ஆர்கண்டின் கண்ணாடி இல்லை. போத்தலில் எண்ணெய், மூடியில் துளை, துளையில் துணித்திரி, அவ்வளவே.

1879-இல் இங்கிலாந்தில் சுவானும் அமெரிக்காவில் எடிசனும் மின்குமிழை எரியச் செய்து காட்டினர். காற்று நீக்கிய கண்ணாடியினுள் கரியிழை காய்ந்து ஒளிர்ந்தது. அவ்வொளிக்கு மின்சாரம் வேண்டுமன்றோ? காலியிற் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, மஸ்கெலி ஓயாவிலும் கெகல்கமு ஓயாவிலும் வீழும் நீரைக்கொண்டு மின்சாரம் பெறலாம் எனக் கண்டார். அவ்விரண்டும் கூடியே களனி ஆகின்றன. 1918-இல் இதனைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். 1931-இல் நம் சப்ரகமுவவின் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இலேதான். அதைக் கண்ணாரக் கண்ட அப்பெரியார் 1953-இற் காலமானார்.

மலைநீரின் ஒளி கம்பி வழியே கொழும்புக்குச் சென்றது. அதே மலைகளிற் கொழுந்து பறித்தோரும், அடிவாரத்தில் இறப்பர்ப் பால் வெட்டியோரும் வாழ்ந்த லயங்களை அது அடையப் பல்லாண்டுகள் சென்றன. என் அம்மாயி குப்பி விளக்கிலேயே சமைத்தார். என் தாயார் அதன் புகையிலேயே பாடம் படித்தார். ஒருநாள் இரவு விளக்குச் சரிந்து எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. அம்மாயியின் வலக்கையில் அத்தழும்பு இன்றும் உண்டு. “வெளிச்சத்துக்குக் குடுத்த கூலி” என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இத்தகைய தீக்காயங்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நில்லாமல் காரணத்தை ஆராய்ந்தார். போத்தல் உயரமானது, இலேசானது, உருளக்கூடியது; மூடியோ இறுக்கமற்றது. மார்மைட் போத்தலின் குட்டையான வடிவம் அவருக்கு வழிகாட்டியது. 1990-களில் அவர் ஆக்கிய விளக்குத் தடித்த கண்ணாடியாலானது; சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கம் தட்டையானது; மூடி திருகி இறுக்கப்படுவது. இதன் பொருட்டு 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

விஞ்ஞானம் அங்கும் நிற்கவில்லை. நீலநிற எல்.ஈ.டி.யை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அந்நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கிக் கலந்தால் வெள்ளொளி கிடைக்கிறது. அதில் எரியும் திரியுமில்லை. காய்ந்து ஒளிரும் இழையுமில்லை.

சரித்திர நூல்களில் எடிசனுக்கு இடம் பெரிது. கொடகும்புரவுக்கு இடம் சிறிது. ஆயினும் ஒளியைக் கண்டுபிடிப்பது ஒரு பணி. அதைக் கடைசி வீட்டுக்கும் தீங்கின்றிக் கொண்டுசேர்ப்பது இன்னொரு பணி. பின்னதும் அறிவாளர் பணியே என்பதை இளைஞர்களாகிய நாம் உணர்தல் வேண்டும்.

இன்று எங்கள் லயத்தில் மின்குமிழ் எரிகிறது. ஆனால் மழைக்காற்றில் மின்சாரம் நின்ற இரவுகளில் பழைய குப்பி மீண்டும் வெளியே வருகிறது. பெரியோர்களே, இளைஞர்களே, அவ்வேளையில் அது குட்டையானதா, பாரமானதா, மூடி இறுகியதா என்று ஒருமுறை பாருங்கள். அம்மாயி கொடுத்த கூலியை இனி ஒரு குழந்தையும் கொடுத்தலாகாது.