கப்பல் இயந்திரத் தண்டுகளில் மீயொலிச் சோதனை: எதிரொலியும் குறையும்

1. பொருளும் எல்லையும்

சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒரே உந்துதண்டை நம்பி ஓடுகின்றன. அது முறிந்தால் நடுக்கடலில் மாற்று கிடையாது. 1892 டிசம்பரில் குனார்டு நிறுவனத்தின் அம்பிரியா என்ற கப்பல் பயணிகளோடு நியூயார்க்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அதன் தண்டு உடைந்தது. கப்பலின் பொறியாளர்கள் இரவு பகலாகப் பாடுபட்டு உடைந்த இடத்தைப் பிணைத்துக் கட்டி, கப்பலை மெல்ல ஓட்டிக் கரை சேர்த்தார்கள். அக்காலத்தில் உருக்கின் மேற்பரப்பு விரிசலைக் காணவே எண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணப்பொடி பூசிப் பார்க்க வேண்டும். உட்புறத்தை அறிய எந்த வழியும் இருக்கவில்லை.

காய்ச்சி அடித்து உருவாக்கும் கப்பல் உறுப்புகளை, அதாவது ஃபோர்ஜிங்குகளை, மீயொலியால் சோதிப்பது பற்றியது இக்கட்டுரை. உந்துதண்டு, இடைத்தண்டு, கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் தண்டு, சுக்கான் தண்டு ஆகியவை இதில் அடங்கும். வார்ப்புகளும் பற்றவைப்பு இணைப்புகளும் அடங்கா. நான் நிறுவ முயல்வது இதுதான்: திரையில் எழும் எதிரொலியின் உயரத்தை மட்டும் வைத்துத் தண்டை ஏற்பதும் தள்ளுவதும் போதாது. அந்த உருக்கு எப்படி ஊற்றப்பட்டது, எத்திசையில் அடிக்கப்பட்டது என்று தெரிந்தவருக்கே அந்த எதிரொலியின் பொருள் முழுமையாக விளங்கும்.

2. குறை பிறக்கும் விதம்

உருகிய உருக்கை அச்சில் ஊற்றி இங்காட்டாக உறையவிடும்போது வெளிப்புறம் முதலில் இறுகும். நடுப்பகுதியின் மேல்முனை கடைசியில் இறுகும். சுருக்கக் குழிகளும், கந்தகம் போன்ற கலப்புகளின் திரட்சியும் அங்கேதான் சேரும். அதனால்தான் இங்காட்டின் மேல்முனையையும் அடிமுனையையும் வெட்டி எறிகிறார்கள். போதிய அளவு வெட்டாமல் விட்டால், குழியின் மிச்சம் தண்டின் மையக்கோட்டில் நீண்ட பிளவாகத் தங்கிவிடும்.

அடுத்தது அடிக்கும் வேலை. நன்றாகச் சூடேறிய இங்காட்டைப் போதிய அளவு அமுக்கினால் உள்ளே இருக்கும் சிறு குழிகள் மூடிப் பற்றிக்கொள்ளும். நீளம் விட்டத்தைவிட அதிகமாக இருந்தால், இங்காட்டின் குறுக்குப்பரப்பு மூன்றில் ஒரு பங்காகவாவது குறைய வேண்டும் என்று கப்பல் வகைப்படுத்தும் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஏசிஎஸ் விதித்திருக்கிறது. நடுப்பகுதி போதிய சூடு இல்லாமல் இருக்கையில் அடித்தால் மூட வேண்டிய இடமே பிளந்துகொள்ளும். வெளியே பளபளப்பாக இருக்கும் தண்டின் மையத்தில் இப்படி ஒரு வெடிப்பு இருக்கலாம்.

மூன்றாவது ஹைட்ரஜன். உருகிய நிலையில் உருக்கு ஹைட்ரஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும். இறுகிக் குளிரும்போது அதை வைத்துக்கொள்ள முடியாது. வெளியேற வழியில்லாமல் உள்ளே அடைபட்ட வாயு, பருமனான துண்டுகளில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குகிறது. இவை உடனே தோன்றாமல், குளிர்ந்து பல மணி நேரம் கழித்தோ நாட்கள் கழித்தோகூடத் தோன்றும். இதை நினைவில் வைக்காமல் சோதனை நாளைக் குறிப்பது ஆபத்து. 1954-இல் அமெரிக்க மின் நிலையங்களில் பெரிய சுழலிகள் அடுத்தடுத்து வெடித்ததற்குப் பிறகுதான் இந்த விரிசல்களின் கொடுமை பரவலாக உணரப்பட்டது. வெற்றிடத்தில் உருக்கை ஊற்றி வாயுவை இழுத்தெடுக்கும் முறையும், சுழலிகளுக்குக் கடுமையான மீயொலிச் சோதனையும் அந்தப் பத்தாண்டில் வேரூன்றின. கப்பல் தண்டுகளுக்கும் அதன் பயன் வந்து சேர்ந்தது.

இக்குறைகளில் சிலவற்றுக்கு ஒரு திசை உண்டு. தண்டை நீளவாக்கில் இழுத்து அடிக்கும்போது உருக்கில் சிக்கிய கசடும் மிச்சக் குழியும் அச்சுக்கு இணையாக நீளும். எனவே தண்டின் பக்கவாட்டிலிருந்து மையம் நோக்கிச் செலுத்தும் ஒலி அவற்றின் அகன்ற முகத்தில் படுகிறது. குறுக்காக ஓடும் விரிசல் அதே ஒலிக்கு விளிம்பை மட்டுமே காட்டி நழுவிவிடும்.

3. ஒலியின் போக்கு

மீயொலியை உண்டாக்கவும் வாங்கவும் உதவும், அழுத்தம் பட்டால் மின்னேற்றம் காட்டும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். 1920களின் இறுதியில் சோவியத் அறிஞர் சொகோலோவ், உலோகத்தின் ஒரு பக்கம் ஒலியைச் செலுத்தி மறுபக்கம் வாங்கிக் குறை காணலாம் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன் 1940-இல் விண்ணப்பித்து 1942-இல் பெற்ற காப்புரிமைதான் ஒரே பக்கத்திலிருந்து துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும் வழியைத் திறந்தது. சுற்றிலும் எட்ட முடியாத பெரிய தண்டுகளுக்கு இதுவே உயிர்நாடி.

உருக்கில் நெட்டலை நொடிக்குச் சுமார் 5,920 மீட்டர் ஓடும். 400 மி.மீ. விட்டமுள்ள தண்டின் குறுக்கே போய்த் திரும்ப அதற்கு 135 மைக்ரோ நொடி போதும். 2 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 3 மி.மீ.; 4 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி. அலைநீளம் குறைந்தால் சிறு குறையும் தெரியும். ஆனால் உருக்கின் மணிகள் பெருத்திருந்தால் ஒலி அவற்றிலேயே சிதறி, திரையின் அடியில் புல் முளைத்ததுபோல் இரைச்சல் எழும். வெப்பப் பதப்படுத்தலில் மணிகள் நுணுகிய பிறகு அதே தண்டு தெளிவாகத் தெரிவதைக் காணலாம்.

4. உயரமும் அளவும்

குறையின் எதிரொலியைத் தட்டையான அடியுள்ள ஒரு துளையின் எதிரொலியோடு ஒப்பிட்டு, 'இத்தனை மி.மீ. துளைக்குச் சமம்' என்று சொல்வது வழக்கம். கொலோனைச் சேர்ந்த கிராட்கிரேமர் சகோதரர்களின் நிறுவனம் 1950களின் இறுதியில் உருவாக்கிய தொலைவு–பெருக்கம்–அளவு வரைபடம் இதற்கு அடிப்படை. அதன் தர்க்கம் எளியது. ஒலியை அனுப்பி வாங்கும் ஆய்வுமுனைக்கு அருகிலுள்ள குழப்ப மண்டலத்தைத் தாண்டியபின், தொலைவு இருமடங்கானால், தண்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பும் பின்சுவர் எதிரொலி 6 டெசிபல் குறையும். சிறு வட்டக் குறையின் எதிரொலி 12 டெசிபல் குறையும்.

இந்தச் சமான அளவை உண்மை அளவாக எடுத்துக்கொள்வதே இத்துறையில் மிகப் பரவலான பிழை என்பது என் கருத்து. வழவழப்பான, ஒலிக்கு நேரே நிற்கும் வட்டத்துக்குத்தான் அந்த வரைபடம். இயற்கையான குறை சாய்ந்திருக்கும், கரடாக இருக்கும். பத்து டிகிரி சாய்ந்த பெரிய பிளவின் எதிரொலி வேறு பக்கம் போய்விட, ஆய்வுமுனைக்குத் துளியே வந்து சேரும். ஆகவே '2 மி.மீ.க்குச் சமம்' என்றால் உள்ளே இருப்பது அதைவிடச் சிறியதாக இருக்க வாய்ப்பு குறைவு, பல மடங்கு பெரியதாக இருக்க வாய்ப்பு உண்டு என்றே படிக்க வேண்டும்.

5. பின்சுவர் எதிரொலி

திரும்பாத ஒலியும் சான்றுதான். கடைசல் இயந்திரத்தில் தண்டு மெல்லச் சுழல்கிறது. எண்ணெய் பூசிய பரப்பில் ஆய்வுமுனை நகர்கிறது. திரையின் வலக்கோடியில் பின்சுவர் எதிரொலி உயர்ந்து நிற்கிறது. ஓரிடத்தில் அது பாதிக்கும் கீழே சரிகிறது. இடையிலோ குறை என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை. அனுபவமுள்ளவர் அங்கேயே நிறுத்துவார். எண்ணெயைத் துடைத்துப் புதிதாகப் பூசுவார், பரப்பில் செதில் இருக்கிறதா என்று விரலால் தடவுவார், மீண்டும் வைப்பார். சரிவு நீடித்தால் சாக்பீஸால் வட்டமிட்டு, அதிர்வெண்ணை மாற்றியும் வேறு திசையிலிருந்தும் பார்ப்பார். சாய்ந்த பிளவோ, நுண்விரிசல்களின் கூட்டமோ, மணி பெருத்த பகுதியோ ஒலியை விழுங்கியிருக்கலாம்.

பின்சுவர் வீழ்ச்சிக்கும் வரம்பு சொல்லும் விதிகள் உண்டு. ஆயினும் பல சோதனை அறிக்கைகளில் குறை எதிரொலிக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்படுகிறது. இது திருத்தப்பட வேண்டியது. நடுவே துளையிட்ட தண்டில் துளையின் வளைவே பின் எதிரொலியைக் குறைக்கும் என்பதால், அங்கே திருத்தக் கணக்கு இல்லாமல் ஒப்பிடக் கூடாது.

6. காலமும் திசையும்

இறுதி வெப்பப் பதப்படுத்தல் முடிந்த பின், சாவிப்பள்ளம், எண்ணெய்த் துளை, கூம்பு ஆகியவற்றை வெட்டுவதற்கு முன் சோதிப்பதே முறை. அமெரிக்காவின் ஏ388 தரநிலை இதைத் தெளிவாகச் சொல்கிறது. முனையை நொடிக்கு 150 மி.மீ.க்கு மேல் வேகமாக நகர்த்தக் கூடாது, ஒவ்வொரு தடத்திலும் குறைந்தது 15 விழுக்காடு மேற்படிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. வடிவம் சிக்கலான பின் சோதித்தால் ஒலி எட்டாத மூலைகள் பெருகும். துண்டுகளைச் சூட்டில் பொருத்திச் சேர்க்கும் கிராங்க் ஷாஃப்டில், சேர்த்த பிறகு பொருத்துப் பரப்புகளே ஒலியை மறிக்கும்.

பக்கவாட்டுச் சோதனையோடு முனைமுகத்திலிருந்து நீளவாக்கிலும் செலுத்துவது குறுக்கு விரிசலுக்காக. உருளைத் தண்டில் பின்சுவருக்குப் பின், விட்டத்தைப்போல் 1.3 மடங்கிலும் 1.67 மடங்கிலும் முக்கோணப் பாதை எதிரொலிகள் எழும். அவை வடிவத்தால் வருபவை. புதியவர்கள் குறை என்று எழுதிவிடுவதுண்டு.

7. ஓடும் கப்பலின் தண்டு

பணியில் இருக்கும் தண்டில் நிலைமை வேறு. முறுக்கும் வளைவும் தாங்கி அயர்ந்து தோன்றும் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில், சாவிப்பள்ளத்தின் முனையிலோ வளைவுகளிலோ தொடங்கும். அங்கே காந்தத்துகள் சோதனையே முதன்மை. தண்டை வெளியே எடுக்காதபோது முனைமுகத்திலிருந்து மீயொலி செலுத்தலாம். ஆனால் ஒலி பக்கச்சுவரில் பட்டுக் குறுக்கலையாக மாறித் திரும்புவதால், முனை எதிரொலியை அடுத்து விட்டத்தின் 0.76 மடங்கு இடைவெளியில் பின்தொடர் எதிரொலிகள் வரிசையாக வரும், 250 மி.மீ. தண்டுக்கு 190 மி.மீ. இடைவெளி. படிகளும் கூம்பும் தத்தம் எதிரொலியைச் சேர்க்கும்.

இத்தனைக்கும் நடுவே பட்டறையில் பிறந்த கசட்டையும் கடலில் பிறந்த விரிசலையும் பிரித்தறிய ஒரே நம்பகமான துணை, தண்டு புதிதாக இருந்தபோது எடுத்த பதிவு. பல படிகங்கள் கொண்ட அடுக்குமுறைக் கருவிகள் முழுத் தண்டின் படத்தையும் சேமித்துத் தருவதால், இன்று அப்படி ஒரு பதிவை வைத்திருப்பது எளிது. 'ஏற்கத்தக்கது' என்ற ஒற்றைச் சொல்லும் முத்திரையும் கொண்ட சான்றிதழுக்குப் பதிலாக, அதிர்வெண், ஆய்வுமுனையின் அளவு, உணர்திறன் அமைப்பு, பின்சுவர் எதிரொலி சரிந்த இடங்கள் ஆகியவற்றோடு கூடிய அந்தப் பதிவு தண்டோடு கப்பலுக்குப் போய், அடுத்த தண்டு ஆய்வின்போது சோதிப்பவர் கையில் கிடைக்க வேண்டும்.