காட்சிக்கூடமும் கலைஞனின் காலமும்: சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கலைக் காட்சிக்கூடம் ஒன்று கலைஞர்களுக்கு ஆற்றும் பணியை, அது நடத்திய கண்காட்சிகளையும் அங்கு விலைபோன படைப்புகளையும் கொண்டு அளவிடுவதே பொது வழக்கமாக இருந்துவருகிறது. இவ்வளவுகோல் வணிகக் கூடங்களுக்குப் பொருந்தலாம்; ஆனால் கலைஞனுக்கு உண்மையில் அரிதாக இருப்பது சுவரில் மாட்டுவதற்கான இடத்தைவிட, ஒரு படைப்புக்கும் அடுத்த படைப்புக்கும் இடையே பிழைப்பு குறித்த கவலையின்றிச் சோதனைகள் செய்து பார்ப்பதற்கான காலமே என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வரலாறு, அந்தக் காலத்தை ஈட்டித் தரும் ஏற்பாடு முதலில் அமைந்து, அதன் மேல் காட்சிக்கூடம் எழும்போதே கலை ஆதரவு நிலைபெறுகிறது என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

இக்கிராமத்தின் வேர் சென்னைக் கலைப்பள்ளியில் உள்ளது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய அப்பள்ளி நெடுங்காலம் கைவினைப் பயிற்சிக்கே முதன்மை தந்தது. 1929இல் பொறுப்பேற்ற தேவிபிரசாத் ராய் சௌதுரியின் காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அங்கு வேரூன்றின. அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர். ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து வெளியேறிய திறமையான மாணவர்களுக்கு அன்றைய சென்னையில் படைப்புகளை வாங்குவோர் மிகச் சிலரே இருந்தமையால், அவர்கள் விளம்பர நிறுவனங்களிலோ துணி வடிவமைப்பிலோ வேலை தேடவேண்டியிருந்தது. ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்ற முதன்மையான ஓவியர்களே நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினர் என்பது அன்றைய நிலையைக் காட்டுகிறது. மாதச் சம்பளம் வயிற்றுப்பாட்டைத் தீர்த்தது. அதற்கு ஈடாக, பகற்பொழுதை எடுத்துக்கொண்டது.

இச்சிக்கலுக்குப் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்ட தீர்வு, புரவலரையோ அரசையோ எதிர்நோக்காமல், கைவினையையே வருவாய்க்குரிய வழியாக்கிக்கொள்வதாகும். ஓவியர் கைவினைஞர் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கி, பாத்திக் எனப்படும், மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி ஓவியங்களையும் பிற கைவினைப் பொருள்களையும் விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு, கடலோரத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். அங்கே தத்தம் வீடுகளையும் பணிக்கூடங்களையும் எழுப்பிக்கொண்டனர். நாளின் ஒரு பகுதியில் விற்பனைக்குரிய கைவினை, மறுபகுதியில் விலையைக் கருதாத ஓவியமும் சிற்பமும் என்ற இப்பிரிவினையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. ஓவியம் உடனே விலைபோக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியதால், வாங்குவோரின் ரசனைக்கு இணங்கவேண்டிய தேவையும் குறைந்தது. வணிகக் கூடம் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தரகாகப் பெறுவது இன்றைய வழக்கமாக இருக்க, இங்கு விற்பனையின் பயன் படைப்போரின் பொதுச் சொத்தாக மாறியது.

கைவினை கலையைத் தாழ்த்தும், கடைப்பொருள் செய்த கை கடைப்பொருளின் பாணியிலேயே ஓவியமும் வரையும் என்ற மறுப்பு இவ்விடத்தில் எழக்கூடும். படைப்புகளின் சான்று இதற்கு மாறாக உள்ளது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய சிற்பங்களிலும், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து முன்னோக்கிய தோற்றத்தில் அமைத்த உருவங்களிலும், கோயில் மூர்த்திகளுக்குக் கவசம் செய்யும் உலோகத் தொழில்நுட்பம் நவீனச் சிற்பத்தின் இலக்கணமாகவே மாறியது. கைவினைப் பழக்கம் வருவாய் தந்ததோடு நில்லாமல், மேலைப் பாணிகளை அப்படியே பின்பற்றாத ஒரு தனி மொழியைத் தேடிய சென்னைக் கலை இயக்கத்துக்குப் பொருளும் உத்தியும் வழங்கியது. அதேவேளை, இவ்வழி எல்லாரையும் சமமாகக் காத்தது என்று கொள்ள இயலாது; நுண்ணிய கோட்டோவியங்களால் கனவுலகம் படைத்த கே. ராமானுஜம், இக்கிராமத்தில் வாழ்ந்தும் 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார். பொருளாதாரப் பாதுகாப்பு என்பது ஒருவரின் எல்லா வகைத் துயர்களுக்குமான பாதுகாப்பு ஆகிவிடுவதில்லை.

காட்சிக்கூடத்தின் இடம் இந்த வரிசையில் பின்னரே வருகிறது. கூடத்துக்கு முன்பே, தம் கலையைத் தாமே விளக்கும் பொருட்டு இவ்வட்டத்தினர் 1961 முதலே 'ஆர்ட் டிரெண்ட்ஸ்' என்ற இதழை நடத்திவந்தனர். விமரிசனச் சொற்களை வெளியிலிருந்து எதிர்பாராமல் உள்ளிருந்தே வளர்க்கும் முயற்சியாக அது அமைந்தது. 2009இல் சென்னைக் கலை இயக்கத்திற்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, கூடம் விற்பனை இடம் என்ற நிலையைக் கடந்து நினைவுக் களஞ்சியமாகவும் ஆனது. ஓர் இயக்கத்தின் படைப்புகள் தனியார் இல்லங்களுக்குச் சிதறிப்போகும்போது, அடுத்த தலைமுறை மாணவர் எதிரில் நின்று பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அவ்விழப்பைத் தடுப்பது கண்காட்சிகளை நடத்துவதைக் காட்டிலும் நீண்ட பயனுடைய பணியாகும்.

சமூகத்துடனான உறவே இவ்வமைப்பின் நலிந்த பகுதி எனலாம். திறந்தவெளி அரங்கும் சிற்பப் பூங்காவும் பார்வையாளரை வரவேற்கின்றன. ஆயினும், நுழைவு திறந்திருப்பதும் அயலார் தம்மிடமாகக் கருதி வருவதும் வேறுவேறு. மீனவர் குடியிருப்புகள் நிறைந்த அக்கடற்கரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளர்ச்சியால் விலையுயர்ந்த புறநகராக மாறிய பின், 1966இல் கலைஞர் சிலர் கைவினை விற்றுச் செய்ததை இன்றைய இளங்கலைஞர் அதே முறையில் செய்ய இயலாது. எனவே, சோழமண்டலத்தை அப்படியே நகலெடுக்க முனைவதை விடுத்து, அதன் உள்ளமைப்பை ஆராய்வதே பயன்தரும்: வருவாய்க்கான வழியைப் படைப்பிலிருந்து பிரித்தல், நிலத்தையும் கூடத்தையும் படைப்போரே உடைமையாகக் கொள்ளுதல், விமரிசனத்தையும் ஆவணத்தையும் தாமே வளர்த்தல். பணிக்கூட வாடகையைப் பகிர்தல், நீண்டகால உதவித்தொகை, உள்ளூர்ப் பள்ளிகளுடன் தொடர்ச்சியான பயிற்சி ஆகியவை இக்காலத்தில் அம்மூன்று கூறுகளும் பெறக்கூடிய வடிவங்கள். ஒரு கூடம் தன் கணக்கேட்டில் விற்பனைத் தொகையோடு, தன்னால் எத்தனை கலைஞர்களுக்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்பதையும் பதிவு செய்யுமானால், அதன் ஆதரவு எத்தகையது என்பதை மதிப்பிட அதுவே பொருத்தமான அளவுகோலாகும்.